வாடைக்கு முன்

ஐப்பசி பிறந்து நாலாம் நாள்.
திருக்கடலூரில் கடல்
கழுவாத தேத்தண்ணிக் கோப்பையின் நிறத்துக்கு வந்துவிட்டது.

பீலிக்குள் கைவிட்டால்
வேப்பஞ்சருகு, ஒரு கிரிக்கெட் பந்து,
போன மாரியின் சேறு.
கூரைத் தகரத்தின்மேல் ஆறு மண்மூட்டை.
ஆணித்துளைகளுக்குத் தார் உருக்கினாள்
சுகிர்தமலர் அக்கா.

வடகிழக்கு யன்னலுக்குத்தான் கண்ணாடி இல்லை.
தேர்தல் பலகை ஒன்று கிடந்தது.
கைகூப்பிய வேட்பாளர்,
பல் முழுக்கச் சிரிப்பு.

"முகம் உள்ளுக்கா, வெளியிலயா?"
வாயில் ஆணிகளோடு நிரோசன்.

"வெளியில. நனையட்டும்."

இரவு வாடை வந்தது.
பலகையில் அறைந்து அறைந்து
விடியுமட்டும் எதையோ முறையிட்டது.
ஒரே போர்வைக்குள்
சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்தோம்.

காலையில் பார்த்தால்
அவருடைய வலது கண்ணில் அடித்த ஆணியோரம்
சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்குகிறது.

அதற்கும் ஒரு கோப்பை வைத்தோம்.