ஏழில் நாலு

கஸ்தூரியார் வீதிப் போட்டோகொப்பிக் கடையில்
என் முகம் ஒரு கோப்பாகக் கிடக்கிறது.
திரையில் கண்டேன்:
"நிறோஜினி ஐசி புதுசு 2".
பக்கத்தில் யாரோ ஒருவரின் மரண அத்தாட்சி,
யாரோ ஒரு பிள்ளையின் ரத்த ரிப்போர்ட்.
"அழியுங்கோ தம்பி" என்றேன்.
"இருக்கட்டுமன் அக்கா, பிறகும் வருவியள்தானே."
அன்பாகத்தான் சொன்னான்.

முந்தி ஒருமுறை
படலைக்கு வெளியே வரிசையாக நிற்கவைத்து
எங்களைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.
வீட்டிலக்கம் எழுதிய மட்டையை
அண்ணா நெஞ்சோடு பிடித்திருந்தான்.
கண்ணை மூடிவிட்டான் என்று
இன்னொருக்கா எடுத்தார்கள்.
நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாக நிற்கிற
ஒரே படம் அது.
எங்களிடம் இல்லை.
எந்த அலுமாரியில் என்று போய்க் கேட்க
ஒரு கந்தோரும் இல்லை.

இப்போது என் பத்திரங்களை நானே பூட்டுகிறேன்.
பூட்டியதை ஏழாக உடைக்கிறேன்.
ஒன்று குருநகரில், றெஜினோல்டின் ஐஸ் கொம்பனிக் கணினியில்.
ஒன்று சாவகச்சேரியில், மச்சாளின் பழைய லப்டொப்பில்.
ஒன்று ஸ்காபரோவில், பனிக்குள்.
மற்ற நாலும் எங்கே என்று எழுதமாட்டேன்.
றெஜினோல்ட் தன் துண்டைத் திறந்து பார்த்தானாம்.
"செதில் மட்டும் கிடக்கு,
என்ன மீன் எண்டு தெரியேல்லை" என்றான்.
ஏதாவது நாலு சேர்ந்து
என் சாவியும் சேர்ந்தால்தான்
நான்.

போன மாரி வெள்ளத்தில் கரண்ட் இல்லை,
மூன்று பெட்டிகள் செத்துக் கிடந்தன.
மிச்ச நாலிலிருந்து எழுந்து வந்தது
என் பிறப்புப் பதிவு,
பதிவாளர் பிழையாக எழுதிய
அப்பாவின் பெயரோடு.

தையல் மெஷின் கடனுக்கு வங்கியில் சொன்னேன்:
"பின்னேரம் அஞ்சு மணிவரை பாக்க விடுறன் சேர்,
பிறகு கதவு தானாச் சாத்தும்."
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அதெல்லாம் சரி பிள்ளை,
ரெண்டு கொப்பி எடுத்துக்கொண்டு வாங்கோ."

திரும்பவும் கஸ்தூரியார் வீதி,
திரும்பவும் அதே பெடியன்.
இந்த முறை மேசைக்கு உள்ளே போய்
அவன் தோளருகே நின்றேன்,
திரையின் குப்பைத்தொட்டியும் வெறுமையாகும் வரை.
கோபிக்கவில்லை அவன்.
மிச்சக் காசை எண்ணிக்கொண்டே கேட்டான்:
"என்ர ஐசியும் எங்கையோ
இப்பிடிக் கிடக்கும் என்ன?"

ஏழு பெட்டிகளிலும்
கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.
கண் மூடிய படமோ
திறந்த படமோ,
எது திரும்பி வந்தாலும்.