விழப் பழகும் வியாழக்கிழமைகள்

பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலை எனக்கு,
முப்பத்தோரு வருடம்.
படகு வந்தால் சாலை எழுந்து நிற்கும்,
போனதும் படுத்துக்கொள்ளும்.
நான் அப்படிப் படுத்தது ஒரே முறை,
பிப்ரவரியில், இரவு மூன்றரைக்கு,
கழிப்பறைக்குப் போகும் வழியில்.

விடியும்வரை அலமாரிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தூசி. ஒரு பேனா மூடி.
ஜிக்சா புதிரின் ஒரு துண்டு, நீலம்,
வானமா கடலா தெரியவில்லை.
ஒன்று குறைகிறதென்று அந்தப் புதிரை
எப்போதோ குப்பையில் போட்டாயிற்று.

எலும்பு முறியவில்லை.
ஆனால் அதன்பின் நடைபாதை ஓரமெல்லாம்
என்னையே பார்த்தது.
மருத்துவர் ஒரு தாளை நீட்டினார்:
வியாழன் காலை பத்து, ஃபிரானெகர் ஜூடோ கூடம்,
காலணி வேண்டாம்.

நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழு, உட்கார், எழு.
பத்தாவதில் தொடை பழைய மோட்டார்போல் உறுமும்.
கால்விரலில் குதிகால் ஒட்ட ஒரே கோட்டில் நட.
நடந்துகொண்டே நூறிலிருந்து ஏழேழாகக் கழி.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு,
எழுபத்தொன்பது.
அது என் வயது. அங்கேயே நின்றுவிட்டேன்.

பயிற்சியாளன் யெல்தெ, இருபத்தாறு வயது,
வாயில் எப்போதும் அதிமதுர மிட்டாய்.
"மோவாய் மார்பில். முதுகு வளையட்டும்.
கை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும்,
உருளுங்கள்."
ஊன்றிக்கொள் ஊன்றிக்கொள் என்றே
வளர்ந்தவர்கள் நாங்கள்.

பௌக்யெ மட்டும் மெத்தை ஓரத்திலேயே நிற்பாள்.
எண்பத்திரண்டு வயது, கோடையில் இன்னும் சைக்கிள்.
"இதுவரை விழாதவளுக்கு
எதற்கு விழுகிற பாடம்?"
மேலங்கியைக் கழற்றாமலே காபிக்குக் காத்திருப்பாள்.
அவள் வீட்டு மாடிப்படி ஏணியைவிடச் செங்குத்து.
இரண்டு வருடமாக மேலே விளக்கு எரிவதில்லை,
சோபாவில்தான் தூக்கம் என்றான்
எதிர்வீட்டு வொப்கெ.

ஏழாம் வாரம். யாரும் சொல்லவில்லை.
யெல்தெ மெத்தைகளை மடித்துக்கொண்டிருந்தான்.
மேலங்கியோடு, கைப்பையோடு,
மிச்சமிருந்த ஒரே மெத்தையில் சாய்ந்தாள்,
எங்களில் எவரும் உருளாத அழகில் உருண்டு
கூரையைப் பார்த்துக் கிடந்தாள்.
கைகொடுக்க ஓடினோம்.
"தொடாதீர்கள்."
கொஞ்சநேரம் பேச்சில்லை.
"இவ்வளவுதானா?" என்றாள், கூரையிடம்.
பக்கவாட்டில் திரும்பி, முழங்கால், ஒரு கை, நாற்காலி.
எழுந்ததும் பையை என்னிடம் தந்தாள்.
"பிடியுங்கள். இன்னொரு தடவை."

இப்போதெல்லாம் ஒற்றைக்காலில் பல் துலக்குகிறேன்.
இடது பதினெட்டு நொடி, வலது ஒன்பது.
கண்ணாடி விளிம்பில் அந்த நீலத் துண்டு.
அதையே பார்த்தால் ஆடாமல் நிற்க முடிகிறது.
கழிக்கும்போது மட்டும், இன்னும்,
எழுபத்தொன்பதில் தடுக்குகிறது.