ஏழு இலக்கம்

வீவக தந்த பாதுகாப்பறையில்
அரிசி மூட்டையும் பெட்டிகளும் வைப்பார்கள் எல்லாரும்.
என் வீட்டில் பதினொரு ஸ்னேர் டிரம்.
அந்தச் சுவரில் ஆணி அடிக்கத் தடை,
ஆகவே இரும்பு அடுக்கு,
மூலையில் ஈரமுறிஞ்சி, இரவெல்லாம் முனகியபடி.
காலையில் அதன் தொட்டியைக் கவிழ்த்தால்
ஈசூன் காற்று ஒரு லிட்டர் தேறும்.

நிறத்துக்காக வாங்குகிறேன். ஒலி அப்புறம்.
இதைச் சொன்னால் தேர்ந்த வாசிப்பாளர்கள்
புருவத்தைத் தூக்குவார்கள். தூக்கட்டும்.

ஒன்று முத்துச்சிப்பி வெள்ளையாய்ப் பிறந்து
ஏதோ இரவு விடுதியின் சிகரெட்டில் முப்பது வருடம் கிடந்து
பல்லின் நிறமானது.
பெயர்த்தகட்டைத் திருகிக் கழற்றினேன் ஒருநாள்:
அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு
இன்னும் முதல்நாள்.

இன்னொன்று பந்துருட்டும் கூடத்துப் பந்துபோல்
சிவப்பில் கறுப்புச் சுழி.
இன்னொன்றில் மினுக்குத் தூள்,
தீபாவளிச் சட்டைபோலக் கூச்சமே இல்லாதது.

பதினொன்றாவதுதான் விஷயம்.
உட்லண்ட்ஸில் ரோஸ்லான்,
வீடு காலிசெய்யும் லாரி வைத்திருப்பவர்,
புளோக்கின் கீழ்த்தளத்தில் சைக்கிள்களுக்கு நடுவே
துண்டை விலக்கிக் காட்டினார்.
பச்சை. அதில் வெள்ளைக் கீறல்கள்.
கோப்பிக்கடை மேசை!
யாரோ மேசையின் ஃபார்மைகாவை வளைத்து
உருளையைச் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள்.
சூடான குவளை வைத்த வட்டம்கூட இருந்தது,
நெம்புகோல் பக்கம்.
“எண்பது வெள்ளி,” என்றார்.
என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தொண்ணூறு.”
கொடுத்தேன்.

அறிந்தவர்கள் சொன்னது: உரித்துவிடு,
அடியில் அசல் இருக்கும், தங்க மினுக்கோ நீலச் சுடரோ,
ஆயிரத்தைத் தாண்டும்.
செழியன் சொன்னது: சோறு ஆறுது, வா.

பகலில் மின்தூக்கி பழுதுபார்ப்பவள் நான்.
எந்தத் தளத்தில் எந்தக் கயிறு இருமுகிறது என்று
கண்ணை மூடிச் சொல்வேன்.
சனிக்கிழமை வாடகை ஸ்டூடியோவில்
பச்சையை மட்டும் இரண்டு மணிநேரம் வாசித்தேன்.
பேசுகிறது, மூக்கடைப்போடு.
எதையோ சொல்ல வந்து
வேறெதையோ சொல்லிப் போகிறவர்போல.

அதனால்தான் ஓர் ஓரத்தை மட்டும்.
சாப்பாட்டு மேசையில் கிடத்தி
முடி உலர்த்தியைக் காட்டப் பழைய பசை
வெல்லப்பாகாய் இளகியது.
இரண்டு விரற்கடை தூக்கினேன்.
மினுக்கு இல்லை. சுடர் இல்லை.
வெறும் மரம்.
அதில் பென்சிலால் ஏழு இலக்கம்.

தொலைபேசி எண்கள் ஏழோடு நின்ற காலம் உண்டு.
முன்னால் ஓர் ஆறு போட்டால் இன்றைய எண்.
போட்டேன். இரவு ஒன்பதே கால்.
ஸ்பீக்கரில் வைத்து, தொண்டையைச் செருமி,
முதல் வாக்கியத்தை மூன்று மொழியிலும் தயாராக வைத்தேன்.
மணி அடித்தது.
எடுத்தார்கள்.

ஃபேக்ஸ் இயந்திரம்.
வீல் என்று ஒரே கத்தல்.

கை பொத்தானுக்குப் போவதற்குள்
பச்சை டிரம், யாரும் தொடாமல்,
வயிற்றுக் கம்பிகள் சிலிர்த்து
கிர்ர் என்றது.
இரும்புக் கதவுக்குப் பின்னால் மற்ற பத்தும் அமைதி.
அது மூச்சுவாங்க நிறுத்தியது, இது நின்றது.
அது மறுபடி கத்தியது.
இது மறுபடி.

அழைப்பை நான் துண்டிக்கவில்லை,
கீழ்வீட்டுத் திருவாட்டி கோ
விளக்குமாற்றுக் காம்பால் என் தரையை இடிக்கும்வரை.

மூன்று இடி.
நல்ல இடைவெளி.