சமாதானம் சொல்லுதல்

தண்ணீரில்லாத ஆறு,
மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் வேலூரைச் சொல்வார்கள்.
அந்த வரிசையில் நானும் ஒன்றைச் சேர்த்து
நோட்டில் எழுதிக்கொண்டு போனேன்:
சமாதானமில்லாத பணம்.
கைதட்டு விழும் என்று நினைத்திருந்தேன்.

சத்துவாச்சாரி. ஞாயிறு மாலை ஐந்தரை.
ஆலயத்தின் பின்னறைச் சுவர்
பகலெல்லாம் குடித்த வெயிலைக் கக்கிக்கொண்டிருந்தது.
வாலிபர் கூடுகைக்குப் பதினோரு பேர்,
அதில் நான்கு பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள்.
தலைப்பு: ஐசுவரியமும் சமாதானமும்.
பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
லாட்ஜ் ஒன்றில் எனக்கு இராப் பணி.
ஆகவே பணக்காரர்களின் தூக்கத்தைப் பற்றிப் பேச
நானே தகுந்தவன் என்று
செயலாளர் தீர்மானித்திருந்தார்.

முந்நூற்று நான்காம் அறையைச் சொன்னேன்.
துர்காபூர்க்காரர். இரும்பு வியாபாரம்.
மனைவிக்குத் தலையில் கட்டி.
கட்டிலடியில் ஒரு பை, பைக்குள் கட்டுக்கட்டாய்.
இரவு மூன்று மணிக்கு மணி அடிப்பார்.
தண்ணீர் வேண்டாம், ஏ.சி. ஓடுகிறது,
ஒன்றும் வேண்டாம்.
நாற்காலியைக் காட்டி "பைட்டோ" என்பார்.
உட்காருவேன்.
அவர் கைக்கடிகாரத்தை விற்றால்
எங்கள் ஆலயக் கூரையை மாற்றிவிடலாம்.
அதில் நான்கு மணி ஆகும்வரை
இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

குரலைத் தாழ்த்தி,
பணத்தால் மெத்தை வாங்கலாம் என்று தொடங்கினேன்.
தூக்கம் வாங்க முடியாது என்று
முன்வரிசை முடித்துவைத்தது.
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அசரியா கை தூக்கினான்.
ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில்
சுண்ணாம்புத் தொட்டியருகே நிற்கிறவன்,
விரலிடுக்கெல்லாம் வெளுத்திருக்கும்.
"அந்தம்மாவுக்கு ஆபரேசன் ஆச்சாண்ணா?"
ஆச்சு.
"பொழச்சிக்கினாங்களா?"
நேற்று கஞ்சி குடித்தார்கள் என்றேன்.
"எங்கப்பாவுக்கும் அதே கட்டிதான்.
பைதான் இல்ல.
அடக்கம் பண்ண அன்னிக்கி நைட்டு
வீட்ல எல்லாரும் நல்லா தூங்கினோம்ணா.
சமாதானத்துல இல்ல,
மூணு நாள் முழிச்சதுல."

வாயைத் திறந்தேன்.
"சமாதானம் சொல்லாதீங்கண்ணா" என்றான்.
கோபமே இல்லை அந்தக் குரலில்,
சில்லறை வேண்டாம் என்பதுபோலச் சொன்னான்.

ஒரே சொல்.
ஆண்டவர் தருவதற்கும் அதுதான் பெயர்,
பதில் இல்லாதவன் தருவதற்கும் அதுதான்.
அப்பாவின் பெட்டியருகே
அவன் தோளைத் தட்டி அன்று நான் கொடுத்தது
எது?

பெர்சிஸ் காணிக்கையை எண்ணி
எழுபத்திரண்டு ரூபாய் என்று எழுதினாள்.
முடிவு ஜெபத்துக்கு நான் யாரையும் கூப்பிடவில்லை.
அசரியாவே எழுந்தான்.
மழைக்காக, பரீட்சை எழுதுகிறவர்களுக்காக,
கம்பெனியில் கை நசுங்கிய யாரோ ஒருவனுக்காக,
பிறகு சற்று நிறுத்தி
பேர் தெரியாத அந்தம்மாவுக்காக,
அவங்க வூட்டுக்காரர்
இன்னிக்கி ஒரு நைட்டாவது தூங்கணும் என்று.
ஆமென் சொல்ல எனக்குத் தாமதமாயிற்று.

அன்று இரவும் மணி அடித்தது.
உட்கார்ந்தேன். நான்கு மணிக்கு எழுந்தபோது
ஐந்நூறு ரூபாய்த் தாளை என் சட்டைப்பையில் திணித்தார்.
வேண்டாமென்று கை போனது, பாதியில் நின்றுவிட்டது.
அந்தத் தாள் கனத்தது என்று எழுதினால்
அடுத்த ஞாயிறுக்கு உதவும்.
கனக்கவில்லை.
காலையில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டேன்.

பாலாற்றுப் பாலத்தில் மணல்காற்று.
ராணிப்பேட்டையில் இரவு ஷிப்ட் விடும் நேரம்.
தொழிற்சாலைக்கு எதிரே டீக்கடையில்
அசரியா தனியாக இருந்தான்.
சொல்ல ஒன்றும் கொண்டுபோகவில்லை நான்.
அவனும் கேட்கவில்லை.
பெஞ்சில் கொஞ்சம் தள்ளி
இடம் விட்டான்.