கீழுதடு மரத்த பிறகு

பாலக்கோட்டில், தக்காளி மண்டிக்கு எதிரே
மாடியில் இருக்கிறது என் கிளினிக்.
ஏலக் குரல் ஓய்ந்து
கூடைகள் கவிழ்ந்த பின்தான்
வாயைத் திறக்க ஆள் வரும்.

அன்றைக்கு முனிரத்தினம்.
எடைமேடையில் கணக்கெழுதுகிறவர்.
வீங்கிய தாடையைச் சுற்றி மஃப்ளர்,
கையில் தண்ணீர் பாட்டில்.
படியேறும் முன் நிறைந்திருந்ததாம்,
இப்போது பாதி.

"வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"
எல்லோரிடமும் கேட்பதுதான்:
சர்க்கரைக்கு, பிரஷருக்கு, ரத்தம் உறையாமலிருக்க.
"சத்து மாத்திரைங்க" என்றார்
சன்னலைப் பார்த்து.

விளக்கைத் திருப்பினேன்.
இந்தப் பக்கத்துப் பற்கள் எனக்கு அத்துப்படி.
போர் இறங்க இறங்க
பாறையிலிருந்து கரைந்தேறிய ஃபுளோரைடு
பல் முளைக்கும் முன்பே
ஈறுக்குள் எழுதிவைத்த பழுப்பு வரிகள்.
பழக்கமில்லாதது அந்த வறட்சி.
கண்ணாடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.
நாற்காலியின் கைப்பிடியில் விரல்கள்.
பயந்த நடுக்கமென்றால்
ஊசியைக் கண்டதும் கூடும்.
இது கூடவுமில்லை, குறையவுமில்லை,
நிறுத்த மறந்த லாரி எஞ்சின் போல
தன்பாட்டுக்கு ஓடியது.

லிக்னோகெயின், அட்ரினலின் கலந்தது,
தாடை நரம்பின் வாசலில்.
மெதுவாக.
மருந்து வலியை அடிப்பதில்லை.
நரம்புக்குள் சோடியம் நுழையும் கதவைச்
சாத்திவைக்கிறது, அவ்வளவுதான்.
வலி வெளியே நின்றுகொண்டிருக்கும்
செருப்பைக் கழற்றாமல்.

மரக்கட்டும் என்று விட்ட பத்து நிமிடத்தில்
சீட்டு எழுதினேன்.
அமாக்சிசிலின் ஐந்நூறு, மூன்று வேளை.
மெட்ரோனிடசோல் நானூறு.
இபுப்ரோஃபன்

"டாட்டர்."
உதட்டில் பாதி அவருடையதாக இல்லை.
"சத்து மாத்திரை இல்லீங்க.
தருமபுரி பெரியாஸ்பத்திரியில குடுக்குறது.
லிச்சியம்.
ஏழு வருசமா."

எதற்கென்று நான் கேட்கவில்லை.
ஒரு மார்கழி முழுக்கத் தூங்காமல்
நிலத்தை அடகு வைத்து
மூன்று லாரிக்கு முன்பணம் கொடுத்ததை,
நடுச்சாமத்தில் எடைமேடை மீதேறி
பாலக்கோட்டையே நிறுத்துப் பார்த்ததை,
தையில் கட்டிலை விட்டு
எழாமலே கிடந்ததைச்
சொன்னார், குழறிக் குழறி.
கடைவாயில் வழிந்த எச்சில்
அவருக்குத் தெரியவில்லை.
துடைத்துவிட்டேன்.

இபுப்ரோஃபனை அடித்தேன்.
போதாமல் தாளையே கிழித்தேன்.
அது சிறுநீரகத்தின் மடையை இறுக்கும்.
வெளியேற வேண்டிய லித்தியம்
உள்ளேயே தேங்கும்.
இந்த மருந்துக்கும் இதன் நஞ்சுக்கும் நடுவே
ஒற்றைக் கால் வைக்கும் வரப்புதான்.
"ஜன்னல்ல என்ன இருந்துச்சு, முன்னாடியே சொல்ல"
என்று கேட்க வந்து
கேட்காமல் விட்டேன்.

புதுச் சீட்டு.
பாராசிட்டமால். அமாக்சிசிலின் மட்டும் போதும்.
"உப்பக் கொறைக்காதீங்க. தண்ணி குடிங்க.
வாந்தியோ தள்ளாட்டமோ வந்தா
காத்திருக்காதீங்க, ஆஸ்பத்திரி."

"அந்தப் பேர மட்டும் எழுதாதீங்க.
மருந்துக் கடையில எம் மச்சான் நிக்கிறான்."

பேனா நின்றது.
எழுதினால் விடிவதற்குள் மண்டிக்குத் தெரியும்.
எழுதாவிட்டால்,
அடுத்த முறை இடுப்பு வலியென்று போய் நின்றால்
அதே மச்சான் பாசத்தோடு எடுத்துக் கொடுப்பான்
டைக்ளோஃபினாக்கை.

'இபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் ஒவ்வாது'
என்று மேல் மூலையில் எழுதி
சிவப்பில் அடிக்கோடிட்டேன்.
ஒவ்வாமைக்குக் காரணம் கேட்க மாட்டான்
எந்த மச்சானும்.
சன்னலைப் பார்க்காமல்
நானும் ஒரு பாதிப் பொய்.

பல் வந்தது, இரண்டு வேரோடும்
ஒரு வேர் நுனியில் சீழ்ப்பையோடும்.
தட்டில் போட்டதைக் கேட்டு வாங்கினார்.
நடுங்கும் உள்ளங்கையில்
அது இம்மி இம்மியாக நகர்ந்தது.
பஞ்சைக் கடித்தபடி
தொழில்காரர் சொன்னார்:
"ரெண்டு கிராம் இருக்கும்."