ழகரத்தின் வால்

விடியற்காலை நாலரைக்குக்
கேமரன் மலையிலிருந்து லாரி வரும்.
ஈரக் காகிதத்தில் கழுத்துவரை சுற்றிய
ரோஜாக்களும் லில்லிகளும் ஜெர்பராக்களும்
குளிர் விடாமலே
பூலாவ் தீக்கூஸ் கடைவாசலில் இறங்கும்.
முள் சீவுவது ஸ்வீ லெங்.
ரிப்பன் முடிவது மேடம் கூ.
தமிழில் அட்டை எழுதுவது நான்.
மாதம் ஆயிரத்து எழுநூறு வெள்ளியில்
அதுவும் அடக்கம்.

பெர்த்திலிருந்து, டப்ளினிலிருந்து, தோஹாவிலிருந்து
பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழை அனுப்புவார்கள்,
பாதி உயிரெழுத்து இல்லாமல்.
நான் உயிர் கொடுப்பேன்.
விட்ட இடத்தில் ஒற்று வைப்பேன்.
வாழ்த்துக்களில் வீணாய் நிற்கும் 'க்'கைப்
பிடுங்கிப் போடுவேன்.
"மிஸ் யூ மா" என்று வந்தால்
"உங்கள் நினைவாகவே இருக்கிறேன் அம்மா" என்பேன்.
யார் கேட்கப் போகிறார்கள்?

என் ழகரத்துக்கு வால் நீளம்.
கீழே இறங்கி, வளைந்து,
அடுத்த எழுத்தின் காலடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
வாழ்த்து இல்லாமல்
எந்தப் பூவும் கடை தாண்டுவதில்லை.

அன்னையர் தினத்தன்று
வண்டி ஓட்டும் ஃபைசாலுக்குக் காய்ச்சல்.
சாவியை என் கையில் வைத்தார் மேடம் கூ.
பதினேழு பூங்கொத்து.
பதினாறு முடிவதற்குள் லில்லி மகரந்தம்
என் வெள்ளைச் சட்டையைக் கெடுத்துவிட்டது.
கடைசி, ஐயர் ஈத்தாம் அடுக்குமாடி, பதினோராம் மாடி.
லிஃப்ட் ஒன்பதோடு நின்றுவிடும்.

ஆவுடைநாயகி த/பெ வைரப்பன்.
"பசியாறிட்டியாம்மா?" என்றவர்
பூவைப் பார்க்கவில்லை, அட்டையைப் பிரித்தார்.
பிறகு எதிர்வீட்டுக் கம்பிக்கதவைத் தட்டினார்.
"மங்களா, நேத்து வந்த அட்டையைக் கொண்டா."

இரண்டு அட்டைகள், பக்கத்தில் பக்கத்தில்.
"உன் பையன் டப்ளின். என் பையன் பெர்த்.
ரெண்டு பேருக்கும் எப்படி ஒரே கை?"
இரண்டு ழகரமும் வாலை ஆட்டின.

நான் அவசரமாய் ரசீதை நீட்டினேன்,
"கையெழுத்து போடுங்கம்மா."
அதன் ஓரத்தில் காலையில் எழுதியிருந்தேன்:
'கீழே வைத்துவிட்டு வரக் கூடாது.'
கீழே.
அங்கேயும் ஒன்று.

மங்களாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
ஆவுடைநாயகி சிரிக்கவில்லை.
"தெரியும்மா.
அவனைத் தமிழ்ப்பள்ளியில போடல.
அவங்கப்பா வேணாம்னாரு, நானும் தலையாட்டினேன்.
தன் பேரைக்கூட அவனுக்குத் தமிழ்ல எழுத வராது.
மூணு வருஷமா அட்டை வருது,
யாரோ எழுதறாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

சுவரோரம் ஒரு கம்பியில்
மின்கட்டண ரசீதுகளோடு
என் அட்டைகள் எல்லாம் குத்தியிருந்தன,
தேதி வாரியாக.

படியிறங்கப் போனவளைக் கூப்பிட்டார்.
"அடுத்த தடவை
கொஞ்சம் கோணலா எழுதும்மா.
இவ்வளவு அழகா அவன் எழுத மாட்டான்."

ஜூலையில் அவர் பிறந்தநாள்.
பெர்த்திலிருந்து ஆர்டர் வந்தது.
பேனாவை இடது கைக்கு மாற்றினேன்.
'அம்மாவுக்கு' பாதியில் மேலே ஏறிப் போனது.
ஓர் ஒற்றை விட்டேன்.
வாழ்த்துக்களில் 'க்'கை நானே வைத்தேன்.
ழகரம் வாலில்லாமல் விழுந்து,
அதன் புள்ளி எங்கோ போய் உட்கார்ந்தது.

எட்டிப் பார்த்தார் மேடம் கூ,
ஓரெழுத்துத் தமிழ் அறியாதவர்.
இதென்ன கிறுக்கல் என்று மலாயில் கேட்டார்.
"கஸ்டமர் கேட்டது" என்றேன்.
மை காயட்டுமென்று அட்டையை விசிறிவிட்டு
ஜெர்பராக்களின் நடுவே செருகினேன்.
ஃபைசால் வண்டியைக் கிளப்பிவிட்டான்.