வரி ஏழுக்குச் செல்க

சீப்புப் பல் இருபத்தைந்துக்கு மேல் என்றால்
வரி ஏழுக்குச் செல்க.
குறைவு என்றால் வரி நான்கு.
என் கையேடு இப்படித்தான்:
எந்தக் கேள்விக்கும் இரண்டே கதவு.

செட்டிச்சாவடிக்கு மேற்கே, கைவிட்ட குவாரி.
பகலெல்லாம் வெயில் குடித்த வெள்ளைக்கல்
ஒன்பது மணிக்கும் செருப்பைத் தாண்டிச் சுடுகிறது.
தூரத்தில் ஏற்காட்டுக் கடைசி பஸ்
வளைவுக்கு வளைவு மறைந்து மறைந்து ஏறுகிறது.

ஊதா டார்ச்சை அமுக்கினேன்.
கல்லிடுக்கில் பச்சையாய் எரிந்தது ஒன்று,
கல்யாண மண்டபத்து சீரியல் பல்பு
அறுந்து விழுந்த மாதிரி.

"இது என்ன ஜாதிங்க?"
காவல்காரர் அர்த்தநாரி,
பெயரிலேயே இரண்டு கதவும் திறந்தவர்.
பீடியை அணைத்திருந்தார், தேளுக்கு மரியாதையாக.

இடுக்கியால் தூக்கிப் புரட்டினேன்.
வாலில் ஐந்து கணு, கணுவின் மேல் ரம்பப் பல்லாய் மேடுகள்.
முன்கை ஒல்லி.
அடிவயிற்றில் இரண்டு சீப்பு.
இடப்பக்கம் இருபத்து நான்கு பல்,
வலப்பக்கம் இருபத்தாறு.
மறுபடி எண்ணினேன். அதே.

"இன்னும் தெரியலைங்க."

"கறுப்பா பெருசா இருந்தா நட்டுவாக்காலி.
செவப்பா சிறுசா இருந்தா உசுரெடுக்கும்.
எங்களுக்கு அவ்வளவுதான்."
ஃபிளாஸ்க்கைத் திறந்தபடி கேட்டார்:
"உங்களுக்கு எந்த ஊருங்க?"
"ஓமலூர்."
"டவுனா, உள்ளயா?"
"உள்ள."
"ஏரிக்கு மேலயா, கீழயா?"
தேளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"கொலசாமி?"

அவருடைய கையேடும் நல்ல கையேடுதான்.
நாலே வரி. லென்ஸ் வேண்டாம்.
வாயைத் திறந்திருந்தால் ஐந்தாவதில்
புட்டியில் போட்டுச் சீட்டு ஒட்டியிருப்பார்.
கெட்ட மனிதர் இல்லை.
ஃபிளாஸ்க் மூடியில் பாதி ஊற்றிய டீயோடு
அந்தக் கை மட்டும்
பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றது.

"இருபத்தாறுங்க" என்றேன்.

அடுத்த கல்லைப் புரட்டியதும் இன்னொன்று.
காலும் வாலும் பச்சையாய் எரிய
முதுகு மட்டும் இருட்டு.
சாதா டார்ச் போட்டார் அர்த்தநாரி:
முதுகு கொள்ளாமல் குஞ்சுகள்,
வெள்ளை வெள்ளையாய், அரிசிப்பொரி போல.

முதல் தோல் கழற்றும்வரை
ஊதா வெளிச்சம் எதைக் கேட்டாலும்
குஞ்சுகள் பதில் சொல்வதில்லை.
பல் எண்ண முடியாது.
கையேட்டில் அவற்றுக்கு வரியும் இல்லை.

குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.
டீ மூடியிலேயே ஆறியது.

தாய் ஒன்று, என்று எழுதினேன்.
குஞ்சு முப்பத்தொன்று, ஏறக்குறைய.
கல்லை இருந்தபடியே
திருப்பி வைத்தேன்.